இமாம் வந்து பேசும் சர்ச்

பெரம்பூரில் இருக்கும் ஒரு நண்பர் கேட்டது இது. அவருடைய அக்கா மகள் அமெரிக்காவில் ஞாயிறுதோறும் ஒரு யூனிடேரியன் சபைக்குப் போகிறாள். (கடவுள் ஒருவரே, இயேசு கடவுள் அல்ல என்று சொல்லி வந்த கிறிஸ்தவ மரபு அது.) அங்கே ஒரு வாரம் புத்த பிக்கு வந்து பேசுகிறார், இன்னொரு வாரம் யூத ரப்பி, ரம்ஜான் சமயத்தில் இமாம். "சர்ச்சில் இமாம் பிரசங்கம் செய்வதா? இது எப்படிச் சாத்தியம்? நம்ம புரசைவாக்கத்திலும் யூனிடேரியன் சபை ஒன்று இருக்கிறதாமே, அதுவும் இப்படித்தானா? எங்கள் தெருவில் வாசிப்பு வட்டம் நடத்துகிறோம், நாங்களும் இப்படிப் பல மதத்தாரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லலாமா, என்னென்ன கவனிக்க வேண்டும்?" இவ்வளவும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்வியில் இருந்து ஆரம்பிக்கிறேன். அது நம்ம ஊர் விஷயம், பலருக்குத் தெரியவும் தெரியாது.

புரசைவாக்கத்தில் யூனிடேரியன் கிறிஸ்தவ சபை இருப்பது உண்மைதான். 1795-இல் தொடங்கியது. வெள்ளைக்காரப் பாதிரியார் யாரும் வந்து தொடங்கியதல்ல, தொடங்கியவர் தமிழர். பிறப்பில் திருவேங்கடம், வேளாளர் குடும்பம். கிறிஸ்தவரான பிறகு வில்லியம் ராபர்ட்ஸ் என்று பெயர். ஆங்கிலேயரிடம் வேலைக்காரராக இருந்தவர், அந்த வழியில் இங்கிலாந்து வரைக்கும் போனார். அங்கே யூனிடேரியன் முன்னோடிகளான தியாபிலஸ் லிண்ட்சி, ஜோசப் பிரீஸ்ட்லி போன்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, கடவுள் ஒருவரே, இயேசு கடவுள் அனுப்பிய மனிதர் என்ற முடிவுக்கு வந்தார். இந்தப் பிரீஸ்ட்லியை நமக்கு வேறு வகையில் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஆக்சிஜன் பாடத்தில் வரும் அதே ஆள்தான். ராபர்ட்ஸ் மதராசுக்குத் திரும்பி வந்து தமிழிலேயே ஆராதனை நடத்தினார். 1813-இல் புரசைவாக்கத்தில் சிறியதாக ஒரு ஆலயம் கட்டினார்.

அந்த 1813-இல்தான் இங்கிலாந்தில் திரித்துவத்தை மறுப்பது குற்றமல்ல என்று சட்டம் வந்தது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூன்றும் ஒரே கடவுள் என்பதை மறுத்துப் பேசினால் தண்டிக்கலாம் என்றுதான் அதுவரை அங்கே சட்டப் புத்தகம் சொன்னது. அதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே புரசைவாக்கத்தில் ஒரு தமிழர் அதை வெளிப்படையாக மறுத்து, சபை நடத்திக்கொண்டிருந்தார். வட சென்னை வரலாறு பேசுகிறவர்கள் ராயபுரம் ரயில் நிலையத்தையும் பக்கிங்காம் ஆலையையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் அக்கா மகள் போகும் சபையும் இதுவும் ஒன்றல்ல. யூனிடேரியன் என்ற பெயரில் குறைந்தது இரண்டு வகை இருக்கிறது. ஐரோப்பாவில், இன்றைய ருமேனியாவில் இருக்கும் திரான்சில்வேனியாவில் நானூறு வருஷத்துக்கு மேல் பழைய யூனிடேரியன் திருச்சபை இருக்கிறது, அதற்கு ஆயர்கூட உண்டு. மேகாலயாவில் காசி மக்களிடையே ஹாஜம் கிஸ்ஸோர் சிங் 1887-இல் ஜோவாயில் தொடங்கியது இருக்கிறது. புரசைவாக்கம் சபையும் இந்த வரிசைதான். இவர்கள் எல்லோரும் ஒரே கடவுளை வணங்குவார்கள். புரசைவாக்கத்தில் இயேசு ஆசான், பைபிள் உண்டு, ஜெபம் உண்டு. வாராவாரம் வேற்று மதத்தார் வந்து பேசுவது இந்த வகைக்கு அடையாளம் அல்ல.

அமெரிக்காவில் நடந்தது வேறு. அங்கே 1961-இல் யூனிடேரியன்களும் யூனிவர்சலிஸ்டுகளும் ஒரே சங்கமாகச் சேர்ந்தார்கள். யூனிவர்சலிஸ்டுகள் என்பவர்கள் நிரந்தர நரகம் கிடையாது, கடைசியில் எல்லோரும் கரை சேருவார்கள் என்று சொன்ன கிறிஸ்தவர்கள். சேர்ந்த பிறகு அந்தச் சங்கம் மெல்ல மெல்லக் கிறிஸ்தவ வட்டத்தைத் தாண்டியே வந்துவிட்டது. தங்களுக்கு ஊற்று எவை என்று 2024 வரை அவர்கள் விதிகளில் எழுதி வைத்திருந்ததில் யூத, கிறிஸ்தவப் போதனைகள் ஒன்று, உலக மதங்களின் ஞானம் இன்னொன்று, மனிதநேயமும் அறிவியலும் மற்றொன்று. உறுப்பினர்களில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் ஏராளம். உங்கள் அக்கா மகள் அநேகமாக இந்த வகைச் சபைக்குத்தான் போகிறாள்.

இனி முதல் கேள்வி. சர்ச்சில் இமாம் எப்படிப் பேச முடிகிறது?

மற்ற சபைகளில் ஏன் முடிவதில்லை என்று பார்த்தால் விளங்கிவிடும். கத்தோலிக்க ஆலயத்திலோ சி.எஸ்.ஐ ஆலயத்திலோ ஆராதனையின் நடுவில் விசுவாசப் பிரமாணம் சொல்கிறார்கள். எல்லோரும் எழுந்து நின்று, இதை நம்புகிறோம் என்று ஒரே குரலில் சொல்வது. அதைச் சொல்ல முடியாத ஒருவரை அதே ஆராதனையில் பிரசங்கம் செய்யச் சொன்னால், கூப்பிட்டவருக்கும் சங்கடம், வந்தவருக்கும் சங்கடம். அமெரிக்க யூனிடேரியன் சபைகளில் விசுவாசப் பிரமாணமே கிடையாது. என்ன நம்புகிறோம் என்பதற்குப் பதிலாக, எப்படி ஒருவரோடு ஒருவர் நடந்துகொள்வோம் என்று உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். அப்புறம் மேலே பேராயர் என்று யாரும் இல்லை. போதகரைத் தேர்ந்தெடுப்பதும் சபைதான், ஞாயிற்றுக்கிழமை யார் பேசலாம் என்று முடிவு செய்வதும் சபைதான். மேடையில் நிற்பவர் தன் மனசாட்சிப்படி பேசலாம், உட்கார்ந்திருப்பவர் அதை ஏற்காமல் வீட்டுக்குப் போகலாம், இரண்டும் அவர்கள் மரபு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அது அவ்வளவு உயர்வானதல்ல, ஆனால் உண்மை. அமெரிக்காவில் பல சின்ன யூனிடேரியன் சபைகளுக்குச் சம்பளம் கொடுத்துப் போதகர் வைத்துக்கொள்ள வசதி இல்லை. உறுப்பினர்களே முறை போட்டு நடத்துகிறார்கள். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு. ஐம்பத்திரண்டு பேச்சு வேண்டும். உள்ளூர்ப் பேராசிரியர், பக்கத்து விகாரையின் பிக்கு, பழங்குடித் தலைவர், சிறை சீர்திருத்தம் பேசுகிறவர் என்று கிடைக்கிற நல்ல ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். தேவையால் வந்த பழக்கம் கொள்கையாகவும் ஆகிப்போனது. நல்ல பழக்கங்கள் பல இப்படித்தான் வருகின்றன.

வரலாற்றில் இதற்கு வேர் தேடினால் எல்லோரும் 1568-க்குப் போவார்கள். அந்த வருஷம் திரான்சில்வேனியாவில் தோர்தா என்ற ஊரில் கூடிய மன்றம், போதகர்கள் தங்களுக்கு விளங்கியபடி நற்செய்தியைப் பிரசங்கிக்கலாம், விசுவாசம் கடவுள் தரும் கொடை, அதற்காக யாரையும் துன்புறுத்தக் கூடாது என்று தீர்மானம் போட்டது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வினின் ஜெனீவாவில் மைக்கேல் செர்வேட்டஸைத் திரித்துவத்தை மறுத்ததற்காக 1553-இல் உயிரோடு எரித்திருந்தார்கள். அதிலிருந்து பதினைந்தே வருஷத்தில் இப்படி ஒரு தீர்மானம் என்றால் சாதாரண விஷயமல்ல. ஆனால் அதை ரொம்பத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். அங்கே பெரும் எண்ணிக்கையில் இருந்த ருமேனிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு அந்தச் சம உரிமை கிடைக்கவில்லை. தீர்மானத்துக்கு உயிர் கொடுத்த யூனிடேரியன் போதகர் ஃபெரென்ஸ் தாவீதே, பதினொரு வருஷம் கழித்து, புதுக் கருத்து பேசினார் என்ற குற்றச்சாட்டில் தேவா கோட்டைச் சிறையில் செத்தார். மேடை தருவது எளிது, தந்த பிறகு பொறுப்பதுதான் கஷ்டம் என்று அவர்கள் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார்கள்.

வேற்று மதத்தாருக்கு மேடை என்ற பழக்கத்தின் வேர் எனக்குத் தோன்றுவது வரை இந்தியாவில்தான் ஆழமாக இருக்கிறது. ராம்மோகன் ராயை எடுத்துக்கொள்ளுங்கள். 1821-இல் கல்கத்தாவில் யூனிடேரியன் கமிட்டி ஆரம்பித்தவர்களில் அவர் ஒருவர். கூட இருந்தவர் வில்லியம் ஆடம். ராம்மோகனோடு விவாதித்து விவாதித்து, தானே திரித்துவ நம்பிக்கையை விட்டுவிட்ட பாப்டிஸ்ட் மிஷனரி. 'இரண்டாம் முறை வீழ்ந்த ஆதாம்' என்று சக மிஷனரிகள் கிண்டல் செய்தார்களாம். ராம்மோகன் 1831-இல் லண்டன் போனபோது யூனிடேரியன்கள் வரவேற்புக் கொடுத்தார்கள். 1833-இல் பிரிஸ்டலில் அவர் இறந்தபோது அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்ததும் யூனிடேரியன் போதகர்தான்.

அடுத்து பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சேன். 1870-இல் இங்கிலாந்து போனார். ஜேம்ஸ் மார்ட்டினோ என்ற புகழ்பெற்ற யூனிடேரியன் போதகரின் ஆலயத்தில்தான் அங்கே அவருடைய முதல் பிரசங்கம். விருந்தாளி நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இந்தியாவுக்கு இங்கிலாந்து செய்யவேண்டிய கடமைகள் என்ன என்று ஒரு பெரிய கூட்டத்தில் பேசினார். சாராய வியாபாரத்தையும் ஆங்கிலேயர் இந்தியர்களை நடத்தும் விதத்தையும் கண்டித்தார். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கோபம் வந்தது. இன்னொரு கூட்டத்தில் கிறிஸ்துவையும் கிறிஸ்தவத்தையும் பற்றி, கிறிஸ்தவர்கள் முன்னாலேயே, தன் பார்வையைச் சொன்னார். வேற்று மத விருந்தாளி எப்படிப் பேசவேண்டும் என்று என்னை யாராவது கேட்டால் நான் சொல்லும் உதாரணம் இவர்தான். அவர் 1864-இல் சென்னைக்கும் வந்து பேசினார். அந்தப் பேச்சின் சூட்டில்தான் இங்கே வேத சமாஜம் உருவாகி, பிறகு தென்னிந்திய பிரம்ம சமாஜமாக ஆனது.

விவேகானந்தரைப் பற்றி எல்லோரும் சிகாகோ என்பார்கள். அதற்குச் சில நாள் முன்பு, 1893 ஆகஸ்டில், மசாசூசெட்ஸில் அனிஸ்க்வாம் என்ற கடற்கரைக் கிராமத்து யூனிவர்சலிஸ்ட் சர்ச்சில் அவர் பேசினார். அமெரிக்காவில் அவருடைய முதல் பொதுப்பேச்சு அது என்றுதான் சொல்கிறார்கள். சிகாகோ மகாசபையின் செயலாளராக ஓடியாடி வேலை செய்த ஜென்கின் லாயிட் ஜோன்ஸ் யூனிடேரியன் போதகர். 1894-இல் டெட்ராய்ட்டில் விவேகானந்தர் பேசியதும் யூனிடேரியன் சர்ச்சில். அவரை அனுப்பி வைக்கத் திருவல்லிக்கேணியில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார். சென்னைக்காரர்கள் கொடுத்த சில்லறையில் போன விருந்தாளி அவர்.

சரி, வரலாறு போதும். உங்கள் தெருவுக்கு வருவோம்.

நடத்தலாமா என்றால், தாராளமாக நடத்தலாம். ஆனால் நம்ம ஊரில் ஏற்கனவே ஒரு பழக்கம் இருக்கிறது, அதில் போய் விழுந்துவிடாதீர்கள். மும்மத மேடையைச் சொல்கிறேன். ஒரு சாமியார், ஒரு பாதிரியார், ஒரு ஹஜ்ரத் மூவரையும் ஒரே வரிசையில் உட்கார வைப்பது. ஆளுக்குப் பத்து நிமிஷம். மூவரும் அன்புதான் எல்லா மதத்தின் சாரம் என்று சொல்லுவார்கள். நடுவில் கவுன்சிலர் வருவார், பொன்னாடை போர்த்துவார், மூவரும் கை கோர்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், மறுநாள் ஃப்ளெக்ஸில் வரும். கேட்டவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயமும் அதில் கிடைத்திருக்காது. கலவரம் நடந்த இடத்தில், பதற்றம் உள்ள நாளில், அப்படி ஒரு மேடைக்கு மதிப்பு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. மற்ற நாளில் அது வெறும் மரியாதைச் சடங்கு. வியாசர்பாடியில் அப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேச்சையும் இடம் மாற்றிப் போட்டாலும் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

அமெரிக்க யூனிடேரியன் சபை செய்வது இதற்கு நேர் எதிர். ஒரு நாளைக்கு ஒரே விருந்தாளி. முழு நேரமும் அவருக்கு. அவர் தன் மதத்துக்குள் நின்றே பேசுவார். எல்லா மதமும் ஒன்று என்று சொல்லச் சொல்லி யாரும் அவரைத் தள்ளுவதில்லை. எங்கே ஒத்துப்போகவில்லையோ அதைத்தான் கேட்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உதாரணமாக, ஒரே கடவுள் என்றதும் நம்மவர்கள் உடனே திருமூலரின் 'ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்' என்பார்கள். முஸ்லிம் நண்பர் தவ்ஹீது, அதாவது இறைவன் ஒருவனே என்பார். புரசைவாக்கத்து ராபர்ட்ஸ் சொன்னதும் ஒரே கடவுள். மூன்றும் ஒன்றுதானே என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் ராபர்ட்ஸின் ஒருமை கிறிஸ்தவர்களுக்குள் நடந்த சண்டையில் பிறந்தது, பைபிளைப் புரட்டிப் புரட்டி வாதாடி வந்தது. முஸ்லிமுக்கு அதோடு முகம்மது நபி இறுதித் தூதர் என்பதும் சேர்ந்தே வரும், பிரிக்க முடியாது. திருமூலர் அந்த வரியைச் சொன்னது சைவத்துக்குள், யோகத்துக்குள், திருமந்திரத்தின் நடுவில். விருந்தாளி இந்த வித்தியாசத்தைச் சொல்லட்டும், அதைக் கேட்பதற்குத்தானே கூப்பிடுகிறோம்.

யாரைக் கூப்பிடுவது? பெரிய பேச்சாளர் வேண்டாம் என்பது என் கருத்து. உபன்யாசம் செய்பவரோ, டிவியில் வரும் ஆளோ வந்தால் தயாராக வைத்திருக்கும் பேச்சை ஓட்டிவிட்டுப் போவார். அந்த மதத்தை அன்றாடம் வாழ்கிறவர் வேண்டும். உங்கள் பகுதி அம்மன் கோவில் பூசாரி, ஆடி மாசம் தீ மிதிக்கிறவர், ராயபுரத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபு தர்காவுக்கு விடாமல் போகிற ஒருவர், பெரம்பூர் லூர்து மாதா கோவிலுக்கு நடந்தே போகும் அம்மா. இவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. சொல்வதற்கு நிறைய வைத்திருப்பார்கள்.

வட சென்னையில் இதற்கு ஆள் பஞ்சமே இல்லை. ஏழுகிணறு வீராசாமி தெருவில் வளர்ந்துதான் ராமலிங்க அடிகள் கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். சன்மார்க்க சங்கத்தார் இன்றும் தெருவுக்குத் தெரு அன்னதானம் செய்கிறார்கள். குணங்குடி மஸ்தான் தொண்டியில் இருந்து வந்தவர் என்பதால்தான் தண்டையார்பேட்டைக்கே அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். அவர் பாட்டை இந்துக்களும் பாடினார்கள். அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய நகரம் இது, அந்த வழியில் வந்த பௌத்தர்கள் பெரம்பூர்ப் பக்கம் உண்டு. சௌகார்பேட்டையில் ஜைனர்கள், ராயபுரத்தில் பார்சிகளின் அக்னி கோவில். இதில் பாதிப் பேர் பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம்.

இன்னொருவரை மறந்துவிடாதீர்கள். கடவுள் இல்லை என்கிறவர். அமெரிக்க யூனிடேரியன் சபைகளில் அவர் விருந்தாளிகூட இல்லை, வீட்டு ஆள். 1933-இல் அங்கே வெளியான மனிதநேய அறிக்கையில் கையெழுத்துப் போட்ட முப்பத்து நாலு பேரில் பலர் யூனிடேரியன் போதகர்கள். நம்ம பகுதியில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு கருப்புச் சட்டைக்காரர் இருப்பார். பல மதக் கூட்டம் என்றதும் அவரை விட்டுவிடுகிறோம். அவருக்கும் ஒரு முழு மாலை கொடுங்கள். ஆனால் மற்ற மதங்களைத் தாக்கச் சொல்லி அல்ல. தாலி இல்லாமல் கல்யாணம் செய்தது, அப்பா செத்தபோது சடங்கு செய்யாமல் அடக்கம் செய்தது, அப்போது சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள், இரவு அவருக்கு எப்படி இருந்தது என்று அவர் வாழ்ந்ததைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒருவர் வந்தால் அவரை 'இஸ்லாம் பற்றிப் பேசுவார்' என்று அறிமுகம் செய்யாதீர்கள். தர்காவுக்குப் போகிறவர் சொல்வதை, தர்கா வழிபாட்டை ஏற்காத தவ்ஹீத் அமைப்பில் இருப்பவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். பெந்தெகொஸ்தே சபைக்காரர் சொல்வதை லூர்து மாதா கோவிலுக்குப் போகும் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். 'இவர் தன் வழியைச் சொல்வார்' என்று சொன்னால் போதும், பாதிச் சண்டை குறையும்.

முன்னதாக வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிடுங்கள், போனில் வேண்டாம். மூன்று விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தன் மதம்தான் உண்மை என்று அவர் நம்பினால் அதை மேடையில் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் துண்டுப் பிரசுரம் கொடுப்பதோ, வந்தவர்களை எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள் என்று போன் நம்பர் வாங்குவதோ கூடாது. இன்னொரு மதத்தைத் திட்டக் கூடாது. பேச்சு முடிந்ததும் கேள்வி உண்டு. இதை முதலில் சொல்லாமல் விட்டுவிட்டு, கூட்டத்தில் வைத்து நிறுத்தினால் அவமானம். மதம் மாற்றுகிறார்கள் என்று யாராவது வதந்தி கிளப்பினால் நாளைக்கு உங்களுக்கும் இது கைகொடுக்கும்.

சின்னச் சின்ன விஷயங்கள்தான் கெடுக்கும். குத்துவிளக்கு ஏற்றச் சொல்லி முஸ்லிம் விருந்தாளியிடம் மெழுகுவர்த்தியை நீட்டுவார்கள். அவர் வேண்டாம் என்றால் முகம் சுளிப்பு, வாங்கினால் அவர் ஆட்கள் நடுவில் அவருக்குக் கேள்வி. விளக்கே வேண்டாம் என்று விட்டுவிடுங்கள், யூனிடேரியன் சபைகளில் ஆராதனை தொடங்கும்போது கிண்ணத்தில் ஒரு சுடர் ஏற்றுவார்கள், அதைச் சபையாரே ஏற்றிக்கொள்வார்கள், விருந்தாளி தலையில் கட்டுவதில்லை. பிரசாதத்தைக் கையில் திணிப்பதும் அதே கதைதான். குர்ஆன் கொண்டுவந்தால் நாற்காலி உயரத்துக்கு மேல் வைக்க ஒரு பலகை வேண்டும், தரையில் கால் படும் இடத்தில் கூடாது. பௌத்த பிக்குகள் மதியத்துக்கு மேல் சாப்பிடுவதில்லை, சாயங்காலக் கூட்டத்தில் போண்டா நீட்டினால் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். ஜைனத் துறவிகளுக்கு அழைப்பே வேறு மாதிரி. வாகனத்தில் ஏற மாட்டார்கள், சில பிரிவினர் மைக்கைத் தொட மாட்டார்கள், மழைக்கால நாலு மாசம் இருக்கும் ஊரை விட்டு நகர மாட்டார்கள். அவர்களைக் கூப்பிடுவதை விட நீங்கள் எல்லோரும் சௌகார்பேட்டைக்குப் போய் அவர்கள் முன்னால் உட்கார்வதுதான் முறை. பாதிரியாருக்கு ஞாயிறு காலை கேட்காதீர்கள். ஹஜ்ரத்துக்கு வெள்ளி மதியமும் ரம்ஜான் மாசத்து மாலையும் கேட்காதீர்கள், அல்லது ரம்ஜானில் கேட்டால் நோன்பு திறக்கக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் நீங்களே ஏற்பாடு செய்துவிடுங்கள். நோன்புக் கஞ்சி குடித்துவிட்டுப் பேசிய கூட்டம் பெரும்பாலும் நல்ல கூட்டமாகத்தான் அமையும்.

அவர்கள் சடங்கை நீங்கள் செய்து பார்க்காதீர்கள். இது அமெரிக்க யூனிடேரியன்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதமான விஷயம். பழங்குடிகளின் சடங்கு, யூதர்களின் பஸ்கா விருந்து என்று எல்லாவற்றையும் தாங்களே எடுத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். அது உரியவர்களுக்கு வலித்தது. உரியவரைக் கூப்பிட்டு அவர் செய்வதைப் பார்ப்பது வேறு, அவர் இல்லாமல் நாமே செய்து மகிழ்வது வேறு என்று இப்போது பலர் ஒப்புக்கொள்கிறார்கள். அதே அமெரிக்கச் சபைகளில் ஒரு நல்ல பழக்கமும் உண்டு. பதின்மூன்று, பதினாலு வயசுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மதத்தாரின் வழிபாட்டு இடங்களுக்கே போவார்கள். உள்ளே போய் உட்கார்ந்து பார்த்து, திரும்பி வந்து பேசுவார்கள். உங்கள் வட்டத்தில் பிள்ளைகள் இருந்தால் இதை முதலில் செய்யுங்கள்.

கேள்வி நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கூட்டமே அதில்தான் நிற்கும், விழும். 'உங்கள் மதத்தில் பெண்களை ஏன் இப்படி நடத்துகிறீர்கள்' என்று யாராவது நிச்சயம் கேட்பார். கேட்கலாம், தப்பில்லை. ஆனால் கேட்கிறவர் அதே கேள்வியைத் தன் வீட்டுக்கும் கேட்டுவிட்டு வரவேண்டும் என்று கூட்டத்தை நடத்துகிறவர் முன்பே சொல்லிவிடலாம். சாதி பற்றிய கேள்வியை எந்த மதத்து விருந்தாளியிடமும் தவறாமல் கேளுங்கள். நம்ம ஊரில் அது எந்த மதத்தையும் விட்டு வைக்கவில்லை, கல்லறைத் தோட்டம் வரைக்கும் போயிருக்கிறது. நல்ல கேள்விகள் பெரும்பாலும் சின்னவையாக இருக்கும். காலையில் எழுந்ததும் முதலில் என்ன சொல்வீர்கள்? எது தவறிப்போனால் நாள் முழுக்க உறுத்தும்? உங்கள் பையன் இதையெல்லாம் நம்புகிறானா? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது பல விருந்தாளிகள் முதல்முறையாக மேடைக் குரலை விட்டுவிட்டு வீட்டுக் குரலில் பேச ஆரம்பிப்பார்கள்.

பணம் கொடுக்கலாமா என்று கேட்கவில்லை, இருந்தாலும் கேட்பீர்கள். போக வர ஆட்டோச் செலவும், ஒரு கவரில் உங்களால் முடிந்ததும் கொடுத்துவிடுங்கள். பூசாரியும், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரும் மாசச் சம்பளத்தில் இழுபறியாக வாழ்கிறவர்கள். சால்வை அவர்களிடம் ஏற்கனவே பெட்டி நிறைய இருக்கும். இடத்துக்குக் கோவில் மண்டபமும் வேண்டாம், ஜமாத் ஹாலும் வேண்டாம், ஆரம்பத்தில் பள்ளிக்கூட ஹாலோ நூலகமோ போதும். இரண்டு மூன்று பேர் வந்து பழகிய பிறகு அவரவர் இடத்துக்கே போகலாம். இரண்டு மாசத்துக்கு ஒருவர் என்று வையுங்கள், வாராவாரம் வேண்டாம். விருந்தாளி வராத மாசத்தில் நீங்களே உட்கார்ந்து, போன தடவை அவர் சொன்னதில் எது புரியவில்லை, எதில் உடன்பாடில்லை என்று பேசுங்கள். அதில் விடை தெரியாத கேள்வி வந்தால் குறித்து வைத்து, அவரையே இன்னொரு தடவை கூப்பிடுங்கள். இரண்டாவது தடவை அவர் இன்னும் நன்றாகப் பேசுவார்.